சியோலில் எங்கள் ஆட்கள் யாரும் இல்லை

விடுமுறைக்குச் சியோல் போகிறேன் என்று சொன்னதும் அம்மா கேட்டது ஒரே கேள்விதான்.

"அங்க எங்கட ஆக்கள் ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை."

"பிறகேன் போறாய்?"

அம்மாவைக் குறை சொல்ல முடியாது. எங்கள் வீட்டில் பயணம் என்றால் சொந்தக்காரர் வீடு. லண்டன் என்றால் சித்தி வீட்டுச் சோபா, பாரிஸ் என்றால் மாமா வீட்டுச் சோபா. ஈஃபில் கோபுரத்தைக் கார் கண்ணாடி வழியாகத்தான் பார்த்திருக்கிறேன், அதுவும் பிறந்தநாள் வீடு ஒன்றுக்குப் பிந்திப் போய்க்கொண்டிருந்தபோது.

"கலியாணம் கட்டிப்போட்டுப் புருசனோட போகலாமெல்லோ" என்றார் அம்மா.

"அவருக்குக் கொரியா பிடிக்காட்டி?"

"ஆளையே இன்னும் காணேல்லை, அதுக்குள்ள அவருக்குப் பிடிக்காட்டியாம்!"

லிஃப்ட் கட்டுப்பாட்டு மென்பொருளைச் சோதிப்பது என் வேலை. எதையும் வரிசையாக எழுதி, முடிந்ததை வெட்டிக்கொண்டே போவது பழக்கம். சியோலையும் அப்படித்தான் எழுதினேன்: காலையில் ஓர் அரண்மனை, மாலையில் ஒரு சந்தை. இரண்டுக்கும் நடுவில் யார் வீட்டிலும் தேநீர் குடிக்க வேண்டியதில்லை.

கியோங்பொக்குங் அரண்மனைக்குக் கொரிய உடை அணிந்து போனால் நுழைவு இலவசம். பக்கத்துத் தெருவில் வாடகைக்குக் கொடுக்கும் கடைகள் நிறைய. நான் போன கடையிலிருந்த பெண் கடும்பச்சைப் பாவாடையை என் நெஞ்சுக்கு மேலே இறுக்கிக் கட்டி, சடையில் ஒரு நாடாவையும் செருகிவிட்டார். அரியணை மண்டபத்தின் முன்னால் ஜோடி ஜோடியாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நானும் ஒரு ஜோடியிடம் கைபேசியைக் கொடுத்து எடுத்துத் தரச் சொன்னேன். அந்தப் படத்தில் என்னைத் தவிர யாரும் இல்லை. கூரை விளிம்பின் சிவப்பும் பச்சையும் முழுதாக விழுந்திருக்கின்றன.

நம்தேமூன் சந்தையில் கடற்பாசியும் காலுறையும் வாங்கினேன். எனக்கென்று ஒரு பித்தளைக் கரண்டி. இறைச்சி சுட்டுத் தரும் கடையில் தனி ஆளுக்குப் பரிமாற மாட்டார்களாம். கடைக்கார அம்மா இரண்டு விரலைக் காட்டினார். இருவருக்கானதைக் கொண்டுவரச் சொல்லி, நானே சாப்பிட்டு முடித்தேன்.

திரும்பி வந்த வாரம் அம்மாவோடு பக்கத்து ஊரான அட்லிஸ்வில்லில் இருக்கும் தமிழ்க் கோயிலுக்குப் போனேன். பூசை முடிந்து சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது, அம்மாவோடு முன்பு வேலை செய்த மாமி ஒருவர் என் தோளைத் தட்டினார்.

"கொரியாவுக்கு உன்னைத்தான் ஒஃபிஸால அனுப்பினவையாம். கெட்டிக்காரி! டிக்கெட், ஹோட்டல் எல்லாம் அவையளோ?"

அம்மா கையிலிருந்த தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார் என்று அப்போதுதான் விளங்கியது. ஓம் என்று சொன்னால் போதும், எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் அந்த ஓமுக்குப் பிறகு நான் போன பயணம் என்னுடையதாக இருக்காது. யாரோ அனுப்பியதாகிவிடும்.

"இல்லை மாமி. லீவு எடுத்து நானாத்தான் போனனான். தனிய. அரண்மனை பாக்க, கடை பாக்க."

"தனியவோ? பொம்பிளைப் பிள்ளை! என்னத்துக்கு?"

"ஆசையா இருந்தது."

மாமி அம்மாவைப் பார்த்தார். "அப்ப நீங்கள் வேலை விசயம் எண்டெல்லோ சொன்னனீங்கள்?"

"பருப்பு இன்னும் கொஞ்சம் போடச் சொல்லுங்கோ" என்று அம்மா வரிசையில் முன்னால் நகர்ந்தார்.

ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்தோம்.

"நாலு பேருக்கு முன்னால என்னைப் பொய்க்காரி ஆக்கிப்போட்டாய்."

"பொய்யை நான் சொல்லேல்லையே அம்மா."

"உன்னைப் பற்றி ஆரும் ஒண்டும் கதைக்கக்கூடாதெண்டுதான் சொன்னனான்."

"கதைக்கட்டும். நான் களவெடுக்கப் போகேல்லை."

சீல் ஆறு ஜன்னலோடு கூடவே ஓடி வந்தது. அம்மா சேலைத் தலைப்பைச் சரிசெய்தார், பிறகு மறுபடியும் சரிசெய்தார். வேறொரு நாள் பார்த்துச் சொல்லலாம் என்று வைத்திருந்ததை இப்போதே சொல்லிவிடுவது நல்லது என்று பட்டது.

"வசந்த காலத்தில திரும்பவும் கொரியாவுக்குப் போறன், கியோங்ஜுவுக்கு. பழைய ராசாக்கள் இருந்த ஊர். அவையின்ர சமாதியெல்லாம் புல்லு மூடின குன்று மாதிரி ஊருக்கு நடுவிலயே இருக்கு."

"லீவுக்குக் குடுத்திட்டியோ?"

"ஓம்."

"டிக்கெட்?"

"போட்டாச்சு."

"எல்லாம் முடிச்சுப்போட்டுப் பிறகேன் என்னட்டைக் கேக்கிறாய்?"

"கேக்கேல்லை அம்மா. சொல்லுறன்."