இட்டேரியும் ரோமாபுரிச் சட்டமும்

கிணற்று உருளையின் கிறீச்சொலி காதில் விழாத தூரம் வரும்வரை நான் திரும்பிப் பார்க்கவில்லை. தோட்டத்தில் அப்பா எருதுகளைப் பூட்டிக் கவலையில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். எருதுகள் சரிவில் இறங்கும்போது உருளை ஒரு குரலில் கத்தும், பின்னோக்கி ஏறும்போது வேறு குரலில் கத்தும். நான் விடைபெற்றதும் அந்தக் கிணற்றடியில்தான்.

"நாமக்கல் வரைக்கும் போயிட்டு வாரேனுங்க."

"வக்கீலைப் பாக்கறதுக்கா சாமி? போ, போ. ரண்டு பேரும் பேசி வெச்சுக்கங்க. நாங் காத்தால வண்டியில வந்தர்றேன். கோட்டுப் போட்டுக்கலையா?"

"வெயிலுங்க. அது ஊட்டுலயே இருக்கட்டும்."

அவர் எருதுகளை அதட்டினார். நான் நடந்தேன். வக்கீலைப் பார்க்கும் எண்ணம் எனக்கு இல்லை. மறுநாள் நாமக்கல் கோர்ட்டில் எங்கள் வண்டித் தட வழக்கு மறுபடி வருகிறது. லண்டனில் சட்டம் படித்துவிட்டு வந்த மகன் எழுந்து நின்று பேசுவான் என்று அப்பா ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். மகன் தேறவில்லை. அதைச் சொல்ல எனக்கு இரண்டு நாள் இருந்தது. சொல்லவில்லை.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன். மோகனூர்ப் பரிசல் துறைக்கு வண்டி கட்டிக்கொண்டு வந்தவர் என் தோளைத் தொட்டுப் பார்த்தார், கோட்டைத் தொட்டுப் பார்த்தார், "எளைச்சுட்டியே சாமி" என்றார். தேறினாயா என்று கேட்கவில்லை. சீமைக்குப் போனவன் திரும்பி வந்தால் படித்து முடித்துவிட்டான் என்றே அவர் நினைத்தார். உண்மையில், தேறியிருந்தாலும் மறுநாளே கோர்ட்டில் போய் நின்றுவிட முடியாது; அதற்குப் பெயர் பதிவது முதல் எத்தனையோ இருக்கிறது. அதையும் நான் சொல்லவில்லை. வண்டி ஆற்றோரமாக இரண்டு மைல் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போயிற்று.

சுற்றிப் போனதற்குக் காரணம் பெரியப்பா. எங்கள் தோட்டத்திலிருந்து சாலைக்கு நேராகப் போவது ஓர் இட்டேரி. இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் ஒரு வண்டி போகும் அகலத்துக்கு மணல் தடம். அது பெரியப்பாவின் காட்டுக்குள் புகுந்து போகிறது. பாகம் பிரித்தபோது தடத்தைப் பற்றிப் பத்திரத்தில் யாரும் எழுதவில்லை. அண்ணன் தம்பிக்குள் எதற்கு எழுத்து என்று விட்டிருப்பார்கள். பிறகு ஏதோ ஒரு பேச்சு முற்றி, பெரியப்பா முள்ளை வெட்டிப் போட்டு அடைத்துவிட்டார். வழக்குப் போட்டுத் தோற்றதும் அப்பாவுக்கு ஒன்றே ஒன்று தோன்றியது. இங்கே படித்த வக்கீலால் ஆகாது; வீட்டிலேயே ஒருவன், அதுவும் சீமையில் படித்தவன், வேண்டும். கரூரில் பாதிப் படிப்போடு சுற்றிக்கொண்டிருந்த என்னைப் பிடித்து, மேட்டுக்காட்டை விற்றுக் கப்பலேற்றினார்.

லண்டனில் மூன்று வருஷம் இருந்தேன். என் அறையில் ஒரு காஸ் அடுப்பு, சில்லறை போட்டால் எரியும். வீட்டுக்காரி காலையில் மழையைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்லுவாள், மாலையில் கதவைச் சாத்தச் சொல்லி ஒரு வாக்கியம். வகுப்பில் எனக்குப் பக்கத்து நாற்காலி எப்போதும் காலியாக இருக்கும். முதலில் சில நாள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு என் கோட்டைக் கழற்றி அதன்மேல் போடத் தொடங்கினேன். அப்படிப் போட்டால் நானே இடம் பிடித்து வைத்திருப்பது போலத் தெரியும். பனிக்காலத்தில் இரண்டு மூன்று நாள் யாரோடும் பேசாமல் இருந்துவிட்டு, முகம் மழிக்கும்போது, "தண்ணி காஞ்சுதா? காஞ்சுதுங்க" என்று நானே கேட்டு நானே பதில் சொல்லிக்கொள்வேன். குரல் இருக்கிறதா என்று பார்க்கத்தான்.

ரோமாபுரிச் சட்டம் அங்கே முதல் பாடம். லத்தீன் வார்த்தைகள் எனக்கு ஏறவில்லை. ஆனால் ஒருநாள் வாத்தியார், அடுத்தவன் நிலத்து வழியே போகும் உரிமையைப் பற்றிச் சொன்னார். ஆள் நடக்க ஒரு தடம், மாடு ஓட்ட ஒரு தடம், வண்டி போக ஒரு தடம், மூன்றுக்கும் தனித்தனிப் பெயர், தனித்தனி உரிமை. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்த மூன்று வருஷத்தில் எனக்கு முழுதாகப் புரிந்த வகுப்பு அதுதான். அன்று மாலையே அப்பாவுக்கு நாலு பக்கம் எழுதினேன். சந்தோஷத்தில் எழுதியது, வேறு யாரிடம் சொல்ல?

ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார் அதைப் படித்துக் காட்டியிருக்கிறார். அப்பா அதைத் தீர்ப்பு என்று எடுத்துக்கொண்டார். மறுநாள் கடிதத்தை மடியில் கட்டிக்கொண்டு போய், முள்ளைப் பிரித்து எறிந்து, இட்டேரியில் வண்டியை ஓட்டிவிட்டார். பெரியப்பாவின் ஆட்கள் தடுத்ததில் கைகலப்பு. அப்பாவுக்குப் பதினைந்து நாள் ஜெயில். அவர் சொல்ல வாத்தியார் எழுதிய பதில் கப்பலில் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து இரண்டு மாதமாகியிருந்தது. "உன் காயிதத்தைக் காட்டினேன். இங்குள்ள துரைக்கு அந்தச் சட்டம் தெரியவில்லை. நீயே வந்து சொல்" என்று இருந்தது. என்மேல் ஒரு வார்த்தை குறை இல்லை.

பரீட்சையில் அந்தக் கேள்வியே வந்தது. நான் எழுதத் தொடங்கி, எங்கள் இட்டேரியை எழுதினேன். கிளுவை வேலி, மணல், மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும் இடம், அப்பாவின் வண்டி எல்லாம் எழுதினேன். மணியடித்தபோது மற்ற கேள்விகள் அப்படியே கிடந்தன. அடுத்த வருஷமும் எழுதினேன், அதுவும் போயிற்று. ஒரு சாப்பாட்டுக் கடையில் தட்டுக் கழுவி எட்டு மாதம் ஓட்டினேன். திரும்பி வந்தது கப்பல் சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டு.

அந்த இட்டேரியில்தான் இப்போது நடந்துகொண்டிருந்தேன். ஆள் ஒருவன் வேலியோரமாக நுழைந்து போய்விடலாம், வண்டிதான் போகாது. அடைப்பு இருந்த இடத்தில் பெரியப்பா கவைக்கோலை வைத்து முள்ளைக் கிளப்பிக்கொண்டிருந்தார். வேர்வையில் குளித்திருந்தார்.

"வாங்க பாரிஸ்டரு! என்னங்க நடந்து வாரீங்க? கப்பலு இந்தத் தடத்துல வராதுங்களா?"

"வாரேனுங்க பெரீப்பா."

"நாளைக்குக் கோர்ட்டுல என்னைய என்னென்ன கேக்கப் போறே? இப்பவே கேட்டுரு. அங்க நாலு பேரு முன்னால வெச்சு எதுக்கு?"

கேட்டுவிட்டு, கவைக்கோலை ஊன்றி, என் முகத்தையே பார்த்து நின்றார். என்னை ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்காக ஒருவர் நின்று எத்தனையோ காலமாயிற்று. என் வாய் தானாகத் திறந்தது.

"நான் கோர்ட்டுக்கு வரலீங்க. எனக்குப் பட்டம் கெடைக்கலீங்க. ரண்டு தடவை எளுதுனேன், ரண்டு தடவையும் போச்சுங்க."

"வெளையாடாதே."

"நெசமாலுமுங்க."

"உங்கப்பனுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

பெரியப்பா வேலியோரத்து மண்மேட்டில் உட்கார்ந்தார். முதலில் தோள் குலுங்கியது, பிறகு சிரிப்புச் சத்தமாக வந்தது.

"அட சாமி! நீ வந்த ரண்டு நாளா கண்ணுல பொட்டுத் தூக்கமில்லே எனக்கு. சீமைச் சட்டம் வந்து எதுக்க நின்னா என்ற வக்கீலு வாயத் தொறப்பானா? அதான், தடத்தைத் தொறந்து உட்டுட்டு, அடைக்கவே இல்லீங்கன்னு சொல்லீரலாம்னு காத்தால இருந்து ஒத்தையாளா இளுத்துட்டுக் கெடக்கறேன். பாரு கையை."

அப்போதுதான் நான் தரையைப் பார்த்தேன். முள் எல்லாம் ஓரமாகக் கிடந்தது. வண்டி போகும் அகலத்துக்குத் தடம் திறந்திருந்தது. அவர் அடைத்துக்கொண்டிருக்கவில்லை.

"தொறந்தது தொறந்ததாவே இருக்கட்டுமுங்க பெரீப்பா."

"எதுக்கு?"

எனக்குத் தெரிந்த ஒரே சட்டத்தைச் சொன்னேன். ஆள் தடம், மாட்டுத் தடம், வண்டித் தடம். அவர் கவனமாகக் கேட்டார்.

"இது எந்த ஊருச் சட்டம்?"

"ரோமாபுரிங்க."

"அந்த ராசா இருக்கறாரா?"

"இல்லீங்க. செத்து ஆயிரம் வருசத்துக்கு மேலாச்சுங்க."

"அப்பறமென்ன?" என்றார். வேலிக்குள் வைத்திருந்த கலயத்தை எடுத்து நீட்டினார். "மோரு குடி. மொகம் வாடிக் கெடக்குது."

குடித்தேன். உப்புக் கூடுதலாக இருந்தது. "உங்கப்பங்கிட்ட நான் சொல்ல மாட்டேன், அது உன்ற பாடு" என்றார். நான் கலயத்தைக் கொடுத்துவிட்டு நடந்தேன். நூறு தப்படி போவதற்குள் பின்னால் முள் இழுபடும் சத்தம் கேட்டது. திரும்பத் தடத்துக்கு வந்துகொண்டிருந்தது.

சாலை சேரும் இடத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். திரும்பிப் போனால் அப்பாவிடம் இப்போது இரண்டு சொல்ல வேண்டும்: தேறவில்லை என்பது ஒன்று, வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் தடம் கிடைத்திருக்கும் என்பது இன்னொன்று. வலது கைப்பக்கம் நாமக்கல் சாலை. அதில் நடந்தேன். இருட்டியதும் ஒரு புளியமரத்தடியில் படுத்துக்கொண்டேன். பசித்தது; அது பழக்கமானதுதான்.

காலையில் எழுந்தபோது கொஞ்ச தூரத்தில் ஆட்கள் சாலைக்குக் கல் பரப்பிக்கொண்டிருந்தார்கள். வேலை உண்டா என்று மேஸ்திரியைக் கேட்டேன்.

"கையைப் பாத்தா எளுதற கையாட்ட இருக்குது. படிச்சிருக்கறயா?"

"இல்லீங்க."

"அப்பக் கூடையெடு."

சட்டையைக் கழற்றித் தலையில் சும்மாடாகக் கட்டிக்கொண்டேன். அப்பாவின் வண்டி அந்த வழியாகத்தான் வரும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் அங்கே நின்றேனா என்பதை இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை.

வெயில் ஏறத் தொடங்கியபோது அப்பாவின் வண்டி வந்து நின்றது. வெளுத்த வேட்டி, வெளுத்த துண்டு. மடியில் என் கறுப்புக் கோட்டை நாலாக மடித்து, தூசு படாமல் இரண்டு கையாலும் மூடிப் பிடித்திருந்தார். பார்வை நேராக நாமக்கல் பக்கம் இருந்தது.

"ஏப்பா, புது ஆளு! வண்டி நிக்குதில்ல? கல்லைத் தள்ளி வழி உடு" என்றார் மேஸ்திரி.

நான் குனிந்து இரண்டு கையாலும் கல்லை ஓரமாகத் தள்ளினேன். சக்கரம் என் விரல்களுக்கு ஒரு சாண் தள்ளி உருண்டு போயிற்று. அப்பா எருதுகளிடம் ஏதோ சொன்னார். வண்டி திருப்பத்தில் மறைந்ததும் மேஸ்திரி மறுபடி சத்தம் போட்டார். தள்ளிய கல்லைத் திரும்ப இழுத்துப் பரப்பிவிட்டு, கூடையை எடுத்துக்கொண்டு குவியலுக்குப் போனேன்.