ஃபோர்மேனைக் கீழே இறக்கிய பூ

நாலு விரல் உயரம். அவ்வளவுதான் அந்தப் பூ. கருநீல இதழில் மஞ்சள் கோடு. முழுதாக வளர்ந்தும் என் கணுக்காலைத் தாண்டவில்லை. குள்ள ஐரிஸ் என்ற அந்தப் பூவை நினைத்தால் இப்போதும் எரிச்சல்தான் முதலில் வருகிறது, அழகு அப்புறம்.

கோலார் தங்கவயலில் எங்கள் தொழிற்சாலை ஃபோர்மேனுக்கு, மகன் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த கிழங்குகள் அவை. அவர் வீட்டில் கோழிகள் கிளறிவிடும்; அதனால் கிழங்குகள் என் தோட்டத்துக்கு வந்தன. குளிரில் கிடந்தால்தான் பூக்குமாம். எங்கள் ஃப்ரிட்ஜில் மாவுப் பாத்திரத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு மண்ணுக்குப் போயின. அதற்குள் அவருக்குக் கண்புரை முற்றிவிட்டது. ஆபரேஷனுக்கு வேலூர் கிளம்பும்போது, "கட்டு அவுத்துட்டு வந்து அதைப் பாக்கணும்பா. அதுவரைக்கும் உன் பொறுப்பு" என்றார். ஃபோர்மேன் வாயில் பொறுப்பு என்ற சொல் வந்தாலே எனக்குத் தூக்கம் போய்விடும். பல் துலக்கும் முன்பே தோட்டத்துக்கு ஓடுவேன்.

பொங்கல் கழிந்து ஒன்றே ஒன்று பூத்தது. அவரும் கருப்புக் கண்ணாடியோடு வந்து நின்றார். குனியக் கூடாது, குப்புறப் படுக்கக் கூடாது, முக்கக் கூடாது என்று டாக்டர் உத்தரவாம். நின்றபடி பார்த்தால் ஏதோ நீலக் கறை. சில நாளில் அதுவும் வாடிவிடும். பெயர்த்தெடுக்கலாமா என்றேன்.

"தொட்டா பூ போச்சு. குனிஞ்சா கண்ணு போச்சு. இன்னா பண்ணப் போற?" என்றார், நான்தான் அதைக் குள்ளமாகப் பெற்றவன் போல.

சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்தில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற எதிர்வீட்டு மாமா வேலியில் சாய்ந்திருந்தார். "பூ மேல வராது. ஆளைக் கீழ எறக்கு. ஒரு ஷாஃப்ட் தோண்டறது நமக்குப் பெரிய வேலையா?"

பூவுக்கு ஒரு முழம் தள்ளி, கழுத்தளவு குழி தோண்டினோம். "ஊரே தங்கச் சொரங்கத்தை மூடப் போறாங்கன்னு அழுவுது. நீங்க புதுசா ஒண்ணு தொறக்கறீங்க" என்றாள் மனைவி.

கக்கத்தில் கைகொடுத்து ஃபோர்மேனை இறக்கினோம். பூவும் மூக்கும் நேருக்கு நேர்.

"மஞ்சள் ஓரத்துல புள்ளி புள்ளியா கீது, பாத்தியா?" என்றார் வாய் ஓயாமல் திட்டும் அந்த மனிதர், மெதுவாக.

பார்த்ததில்லை. செத்துவிட்டதா என்று மட்டுமே தினமும் பார்த்திருந்தேன்.

"சரி, முக்காம மேல எப்பிடி வர்றது?" என்று கேட்டார் ஃபோர்மேன்.

நானும் மாமாவும் மண்வெட்டியை எடுத்து, பின்பக்கம் சரிவாக வெட்டத் தொடங்கினோம். அவரை நடத்திக் கூட்டிவர வழி உருவாவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. அதுவரை பூவையே பார்த்து நின்ற அவர் எங்களை ஒரு வார்த்தைகூடச் சொல்லி அவசரப்படுத்தவில்லை.