அயோவாக்காரரின் பூட்டன்

அந்த நாட்களில் ஜெர்மனியில் எங்கள் உலகம் ஒரு கிரைஸ் அகலம்தான். கிரைஸ் என்றால் மாவட்டம். அகதி விண்ணப்பம் முடிவாகும்வரை அதன் எல்லையைத் தாண்டக்கூடாது என்று அப்பாவின் கடதாசியில் முத்திரை குத்தியிருந்தார்கள். ஊர் முடிகிற இடத்தில், சோளக்காட்டுக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் பலகை நின்றது. அதற்கு அங்கால் அடுத்த கிரைஸ். அம்மா அந்தப் பலகை கண்ணில் பட்டதுமே என் கையைப் பிடித்துத் திருப்பிவிடுவார். பிடிபட்டால் விண்ணப்பம் போச்சு, அடுத்தது விமானம், பிறகு கொழும்பில் இராணுவம் என்பது அவருடைய கணக்கு.

எண்பத்தாறாம் ஆண்டுக் கோடை. எனக்கு ஒன்பது வயது. எங்களைக் குடியிருத்தியிருந்த பழைய பண்ணைவீட்டின் முன்னால் ஒரு சனிக்கிழமை பெரிய கார் ஒன்று வந்து நின்றது. அதிகாரிகள்தான் என்று அம்மா என்னைக் குசினிக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார். இறங்கியவரோ தொப்பி போட்ட ஒரு அமெரிக்கக் கிழவர். அயோவாவில் சோளம் விதைக்கிறவர். நூறு வருடங்களுக்கும் முன்னர் அவருடைய பூட்டன் இந்த வீட்டிலிருந்துதான் அமெரிக்கா போனாராம்.

அவர் கையில் செங்கல் கனத்தில் ஒரு புத்தகம் இருந்தது. அவருடைய மாவட்டத்தின் வரலாறு. களஞ்சியங்கள், சூடடிக்கும் இயந்திரங்கள், தாடி வைத்த முதல் குடியேறிகள். பூட்டனுக்கு அதில் அரைப் பக்கம் ஒதுக்கியிருந்தார்கள்: புல்வெளியை முதன்முதலில் உழுதவர், பள்ளிக்கூடத்துக்கு நிலம் கொடுத்தவர், சொந்த ஊரார் ஆசீர்வதித்து வழியனுப்ப வந்தவர். அப்பா யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது அரச செயலகத்தில், காணிப் பகுதி எழுதுவினைஞராக இருந்தவர். இரண்டு வருடமாக அவரிடம் ஒருவரும் ஒன்றும் வாசிக்கக் கொடுத்ததில்லை. அந்தப் புத்தகத்தைப் பசித்தவன் போலப் புரட்டினார்.

கிழவருக்கு ஒரு உதவி வேண்டியிருந்தது. பூட்டனின் பெயர் உள்ள பதிவேடு அடுத்த ஊர்த் தேவாலயத்தில் இருக்கிறது. அங்குள்ள போதகருக்கு ஆங்கிலம் வராது. அப்பாவுக்கு ஆங்கிலம் வரும், ஜெர்மனோ கடைக்குப் போய்வர மட்டுமே போதும். எனக்குப் பள்ளிக்கூடத்தில் பழகிய ஜெர்மன். ஆகவே போதகர் எனக்கு, நான் அப்பாவுக்கு, அப்பா கிழவருக்கு என்று ஏற்பாடாகிவிட்டது.

அம்மா முகத்தில் சிரிப்பு மாறாமல் தமிழில் ஏசத் தொடங்கினார். விருந்தாளிக்கு முன்னால் சண்டை பிடிக்க எங்கள் ஆட்கள் பழகி வைத்திருக்கும் வித்தை அது.

“இஞ்சேருங்கோ, அது மற்றக் கிரைஸ். உங்களுக்கென்ன விசரே? பிள்ளையையும் கொண்டுபோய் மாட்டப் போறியளே?”

கிழவர் அதை உபசாரம் என்று எடுத்துக்கொண்டு அம்மா வைத்த தட்டிலிருந்து இன்னொரு வடையை எடுத்தார்.

“வீடு தேடி வந்த மனிசனுக்கு ஏலாது எண்டு எப்பிடிச் சொல்லுறது?” என்றார் அப்பா. “அரை மணித்தியாலம். போட்டு வாறம்.”

மஞ்சள் பலகை வந்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோதும் அதே சோளக்காடுதான் இருந்தது. அப்பாவின் கை மட்டும் சட்டைப் பைக்குள் இருந்த கடதாசியை அமத்திப் பிடித்திருந்தது. எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது.

தேவாலயத்தில் போதகர் தோல் அட்டைப் பதிவேட்டை விரித்து விரலை ஓட்டினார். பெயர் இருந்தது. பக்கத்தில் வேறு மையில் ஒரு குறிப்பும் இருந்தது. போதகர் தயங்கித் தயங்கி அதை எனக்கு விளக்கினார்.

“அவர் களவாப் போனவராம் அப்பா. பட்டாளத்துக்குப் பிடிக்க வர, அனுமதி எடுக்காமல் இரவோடிரவா ஓடினவராம். தேடினவங்களாம்.”

நான் சொன்னது அவ்வளவுதான். அப்பா குனிந்து அந்த எழுத்துகளை நெடுநேரம் பார்த்தார். பிறகு ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். கிழவர் தொப்பியைக் கழற்றித் தலை குனிந்துகொண்டார். அப்பா மீண்டும் தொடங்கினார், மெல்லிய குரலில், நிறுத்தாமல். இவ்வளவு நேரம் என்ன சொல்கிறார், வீட்டுக்குப் போனால் போதுமே என்று நான் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் கதவு திறந்தது. பச்சை உடுப்பில் ஒரு பொலிஸ்காரர். உழவு இயந்திரம் போகமுடியாமல் வழியை மறித்து நிற்கும் கார் யாருடையது என்று கேட்டார். கேட்டவரின் கண் அப்பாவில் வந்து நின்றது. அடையாள அட்டையைக் கேட்டார்.

அப்பாவின் கை சட்டைப் பைக்குப் போனது. அதற்குள் கிழவர் இருவருக்கும் நடுவில் வந்துவிட்டார். தன் கடவுச்சீட்டை நீட்டினார், புத்தகத்தை விரித்துப் பூட்டனின் படத்தைக் காட்டினார், அப்பாவின் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உரத்த குரலில் பொழிந்து தள்ளினார். பொலிஸ்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன்.

“இவர் என்ர ஆள், இவரில்லாமல் எனக்கு ஒண்டும் விளங்காது, இவரை மறிச்சால் நானும் இந்த இடத்தை விட்டு அசைய மாட்டன் எண்டு சொல்லுறார், பிள்ளை,” என்றார் அப்பா.

நான் அதை ஜெர்மனில் ஒப்புவித்தேன். பொலிஸ்காரர் கிழவரைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், வெளியே ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்த உழவு இயந்திரக்காரரையும் பார்த்தார். காரை உடனே எடுக்கச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வீட்டில் அம்மா மூன்று நாள் அப்பாவுடன் பேசவில்லை. எனக்கும் அது நியாயமாகவே பட்டது. ஏதோ நல்ல காலத்துக்கு அந்தக் கிழவர் குறுக்கே வந்தார், இல்லாவிட்டால் அப்பாவின் அசட்டையால் அழிந்திருப்போம் என்றே பல வருடம் நம்பியிருந்தேன்.

எங்களுக்கு விசா கிடைத்து, நானும் ஆங்கிலம் படித்த பிறகு ஒருநாள் அப்பாவிடம் கேட்டேன், நான் சொன்ன நாலு சொல்லை அன்றைக்கு ஏன் அவ்வளவு நீட்டினீர்கள் என்று.

“உங்கட பூட்டன் களவாப் போனவர் எண்டதும் அந்த மனிசன் வெட்கத்தில குனிஞ்சிட்டுது,” என்றார். “பாக்கப் பாவமாய் இருந்தது. அதுதான், நானும் இப்ப களவாத்தான் உங்களோட வந்து நிக்கிறன், பிடிச்சால் மனிசி பிள்ளையோட திருப்பி அனுப்பிப்போடுவாங்கள் எண்டும் சொன்னனான்.”

யாரென்றே தெரியாத ஒருவரின் வெட்கத்தை ஆற்றுவதற்காக எங்கள் மூவரின் விதியையும் அவர் கையில் கொடுத்திருக்கிறார். அம்மாவிடம் இதை இன்றுவரை நாங்கள் சொல்லவில்லை.