சார் வந்தால் மட்டும் படுத்துவிடும் டிரைவர்

லிபி யாரையும் எளிதில் நம்பமாட்டாள். பாறசாலைக்காரி. எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்தும் வேலை அமையாமல் சில வருஷம் ஹோம் நர்ஸாகப் போனவள். நோயாளியின் டானிக் குப்பியில் பேனாவால் கோடு போட்டு வைப்பாள். வீட்டில் வேறு யாராவது குடித்தால் தெரிந்துவிடும்.

இப்போது கழக்கூட்டத்தில் ஒரு சிறு கம்பெனியில் பயிற்சி. நோயாளி படுக்கையை விட்டு எழுந்தால் அலாரம் அடிக்கும் கருவி செய்கிறார்கள். அதன் வைஃபை சிப்பை இயக்கும் டிரைவர் நிரலை எழுதக் கற்றுக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை அது ஓடினால் வேலை நிரந்தரம். ஓடாவிட்டால் ஊருக்குப் பஸ் ஏற வேண்டியதுதான்.

தனியே இருக்கும்போது டிரைவர் ஓடியது. மேலாளர் ஸ்ரீகண்டன் பக்கத்தில் வந்து நின்றால் படுத்துவிட்டது. அவளுடைய சந்தேகம் நேரே பக்கத்து நாற்காலிக்குப் போனது. அங்கே இருந்த ரெஜியும் பயிற்சிக்காரன்தான். நிரந்தர இடமோ ஒன்றுதான்.

"எனக்க சிஸ்டத்துல நீ கை வச்சியா?"

"நான் எதுக்குடி வைக்கணும்? ஒனக்க புரோகிராமே யாரோ கை வச்சதுமாதிரிதானே இருக்கு!"

லிபி படுக்கைப்புண்ணுக்குப் போடும் பவுடரைக் கீபோர்டின் மேல் லேசாகத் தூவிவிட்டுச் சாப்பிடப் போனாள். திரும்பி வந்தபோது விரல் தடம் இல்லை. அப்படியானால் நெட்வொர்க் வழியாகத்தான் நுழைகிறான் என்று முடிவு கட்டி, ஸ்ரீகண்டனிடமே புகார் சொன்னாள்.

அவர் கரமனை அக்கிரகாரத்துக்காரர். "சும்மா ஒருத்தன்மேல பழி போடப்படாதும்மா. நாளைக்கு அவன் லீவு. அப்போ ஓட்டிக் காட்டு, பாப்போம்."

மறுநாள் காலையிலும் ஓடியது. அவர் வருமுன், வழக்கம்போல நிரலைச் சுத்தம் செய்தாள். ஒவ்வொரு படியிலும் 'இதைச் செய்தேன்' என்று திரையில் எழுதிக்காட்டும் வரிகளைத் தன் சோதனைக்காகப் போட்டிருந்தாள். நோயாளியைப் பார்க்க டாக்டர் வருமுன் கட்டிலடியை ஒதுக்கிப் பழகிய கை, அவற்றையெல்லாம் அழித்தது. ஸ்ரீகண்டன் வந்து நின்றார். டிரைவர் படுத்தது.

"ரெஜி எங்கே ஒளிஞ்சிண்டிருக்கான்? மேசைக்கு அடியிலேயோ?"

லிபிக்குக் காது சுட்டது. அவர் போனபின், அழித்த வரிகளை ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டாள். சிப்பை எழுப்பும் கட்டளைக்கு அடுத்த வரியைப் போட்டதும் டிரைவர் ஓடியது. அந்த வரியைத் திரையில் எழுதும் சிறு நேரத்தில் சிப் விழித்துக்கொண்டிருக்கிறது. வரி இல்லாதபோது, விழிக்குமுன்னே வேலை ஏவியிருக்கிறாள். தூங்குகிறவரைத் தட்டிய கையோடு நிற்கச் சொன்னால் விழத்தான் செய்வார்.

தயாராகிவிட்டதாகச் சிப் சொல்லும்வரை காத்திருக்கும்படி நிரலை மாற்றினாள். வெள்ளிக்கிழமை ஸ்ரீகண்டன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். டிரைவர் ஓடியது. வேலை அவளுக்குத்தான்.

ரெஜி பை கட்டிக்கொண்டிருந்தான். "சார்கிட்ட ஒன்னப் பத்திச் சொன்னது தப்பு," என்றாள் லிபி. "கள்ளன் எனக்க கைதான்."

"அப்போ கீபோர்டுல பவுடர்?"

"அதுவும் நான்தான்."

"அன்னைக்கு நான் தும்மித் தும்மிச் செத்தேன், தெரியுமா?"

லிபி நிமிர்ந்தாள். "தும்முற அளவுக்கு எனக்க கீபோர்டுகிட்ட ஒனக்கு என்ன ஜோலி?"

ரெஜி பையின் ஜிப்பை இழுத்து மூடினான். "ஒனக்க டிரைவர் ஓடுதான்னு பாக்க வந்தேன். வேற எந்தா?"