நாற்காலியை மாற்றிப் போட்டவர்

என் வீட்டுக்காரரிடம் ஒரு கேள்வி கேட்டால் பதில் வருவதற்குள் குக்கர் மூன்று விசில் அடித்துவிடும். இப்பேர்ப்பட்ட மனுஷனுக்கு வாய்த்த வேலையைப் பாருங்கள்: சாயத்தின் மேல் லேசரை அடித்து, அது ஒளிர்ந்து அணைய எத்தனை பிக்கோ செகண்ட் ஆகிறது என்று அளப்பது. ஒரு செகண்டை லட்சம் கோடியாக நறுக்கினால் அதில் ஒரு துண்டு அது. ஆய்வகத்தில் இவருக்குப் பட்டப்பெயரே ‘பிக்கோ’தான்.

மேஜையில் இரண்டு கண்ணாடிக் குப்பிகள். வலப்பக்கம் சாயம், ஏகத்துக்குத் தண்ணீர் விட்டதில் நிறமே தெரியாது. இடப்பக்கம் தண்ணீரில் இரண்டு சொட்டுப் பால். பால் வெளிச்சத்தை அப்படியே சிதறடிக்குமாம். அதை வைத்துக் கருவியின் சொந்தத் தாமதத்தை அளப்பார்கள். “பேர் எழுதி ஒட்டுங்களேன்” என்றால், “எனக்குத் தெரியாதா?” என்பார்.

அந்த மாதத்தோடு அவருடைய ஒப்பந்தம் முடிகிறது. வேலை நிரந்தரமாகாவிட்டால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். அந்த நேரம் பார்த்து, சாயம் இருபத்தைந்தே பிக்கோ செகண்டில் அணைகிறது என்று கண்டுபிடித்தார். இவ்வளவு சீக்கிரம் அது அணைந்து யாரும் பார்த்ததில்லையாம்; ஆய்வகமே ஆடிப்போனது. வியாழக்கிழமை தேர்வுக் குழு வருவதாகச் சொன்னார்கள்.

புதன்கிழமை சாப்பாடு கொண்டுபோன நான், அவர் கையிலிருந்த குப்பியருகே வந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

“என்னங்க, உங்க சாயம் புளிச்ச பால் நாத்தம் அடிக்குது?”

மோந்து பார்த்தார். முகம் வெளிறிவிட்டது. ஏசி கழுத்தில் அடிக்கிறது என்று மூன்று வாரத்துக்கு முன் நாற்காலியை மேஜைக்கு எதிர்ப்பக்கம் போட்டிருக்கிறார். குப்பிகள் நகரவே இல்லை. இவருடைய வலதுதான் இடதாகிவிட்டது. சாயம் என்று நினைத்துப் பாலை வைத்து மூன்று வாரமாக அளந்தது கருவியின் தாமதத்தை!

எனக்கு வந்த ஆத்திரத்தில் டிபன் கேரியரைத் தூக்கி எறிந்திருப்பேன். ஆனால் வீடு கண்ணில் நின்றது.

“யாருக்குத் தெரியப்போவுது? பேசாம கொட்டிடுங்க. வேலை கைக்கு வந்தப்புறம் சொல்லிக்கலாம்.”

“முடியாது.”

நான் வாயை மூடுவதற்குள் பதில்! கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் முதல் தடவை.

மறுநாள் குப்பியோடு போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். குழுவில் ஐந்து பேரும் வரிசையாக மோந்து பார்த்து, பால்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்களாம். வேலை நிரந்தரமாகவில்லை; ஒரு வருடம் நீட்டிப்பு. கூடவே ஓர் உத்தரவு: நாற்காலியைத் தரையோடு திருகி மாட்ட வேண்டும்.

அன்று சாயங்காலம் அடுப்படியில் நின்றபடி கேட்டேன்: “கொட்டச் சொன்னேனே, என் மேல கோவமா?”

குக்கர் இரண்டு விசில் அடித்தது. இந்த மனுஷனுக்காக எத்தனை விசில் வேண்டுமானாலும் காத்திருக்கலாம் என்று தோன்றியது.

மூன்றாவது விசிலுக்கு, “இல்ல” என்றார்.