வாய் வைத்தவருக்கே புத்தகம்

தவநாயகிக்கு இந்த உலகத்தில் ஆகவே ஆகாத ஒன்று எச்சில். மற்றவர் வாய் வைத்துக் குடித்த தம்ளரைத் தொடமாட்டாள். கறியை ருசி பார்த்த கரண்டியைத் திரும்பவும் சட்டிக்குள் விடுகிறவர்கள் வீட்டில், "இப்பதான் சாப்பிட்டிட்டு வந்தனான்" என்று சொல்லி எழும்பிவிடுவாள். கொக்குவிலில் அவர்கள் வீடு நிறையப் பிள்ளைகள். ஒரு பழத்தில் யார் வாய் வைத்தார்களோ அது அவருக்கே சொந்தம், பிறகு வேண்டாம் என்று சொல்லவும் முடியாது, பங்கு கேட்கவும் முடியாது என்பது அந்த வீட்டுச் சட்டம். மற்றப் பிள்ளைகள் வளர்ந்ததும் அதை மறந்துபோனார்கள். அவள் மட்டும் அதை லண்டன் வரைக்கும் கொண்டுவந்தாள்.

அப்படிப்பட்டவளுக்கு 1986இல் லண்டனில் கிடைத்த முதல் வேலை, ஒரு ஹோட்டலின் நிலக்கீழ் அடுப்படியில் சாப்பாட்டுக் கோப்பை கழுவுவது. மெஷினுக்குள் அடுக்குவதற்கு முன்னர் கோப்பையில் மிஞ்சியதை வழித்துக் கொட்டவேண்டும். பாதி கடித்த சொசேஜ், முட்டை மஞ்சளுக்குள் குத்தி அணைத்த சிகரெட், வாய் துடைத்துக் கசக்கிய கடதாசி. ஒருநாள் யாரோ கழற்றி வைத்துவிட்டு மறந்துபோன பொய்ப்பல், மீன் முள்ளோடு சேர்ந்து அவள் உள்ளங்கைக்குள் வந்தது. அன்று ஓங்காளித்துச் சத்தியெடுத்தாள். வீட்டுக்கு வந்தால் டெற்றோல் விட்டுக் கை கழுவுவாள். கழுவியும், அந்தக் கையால் சோற்றைப் பிசைய மனம் வராமல் கரண்டியால் சாப்பிடுவாள்.

கிங்ஸ்பரியில் அண்ணன் பாலேந்திராவின் வீட்டில்தான் அவள் இருந்தாள். "இஞ்சை வந்த எல்லாரும் கோப்பை கழுவினவங்கள்தான், நாயகி. நானும் கழுவினனான்" என்றார் அவர்.

"நீங்கள் கழுவினபடியாலை அது துப்பரவான வேலையாகிடுமே, அண்ணை?"

இரண்டு வருடங்களுக்குப் பிறகு ஒரு மாலை, வேலை முடிந்து வரும்போது ரயில் பழுதாகிக் கில்பேர்னில் எல்லாரையும் இறக்கிவிட்டார்கள். மழைக்கு ஒதுங்கிய இடம் ஒரு புத்தகக் கடையின் வாசல். கண்ணாடியில் 'உதவியாளர் தேவை' என்று எழுதி ஒட்டியிருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தாள். தாளின் வாசனை வந்தது. புத்தகத்தை யாரும் தின்னமாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு கதவைத் தள்ளினாள்.

அது அயர்லாந்துப் புத்தகங்கள் மட்டும் விற்கும் கடை. பின்பக்கம் வரலாறு, நடுவில் பாட்டும் சமையலும் ஊர் வழக்கங்களும், முன்பக்கம் பிள்ளைகளுக்கான கதைகள். கதவுக்கு மேலே பச்சைப் பலகையில், 'கைக்குழந்தை முதல் கிழவர் வரை' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. கடைக்காரி நோறா அயர்லாந்தின் மேற்குக் கரையிலிருந்து தாதியாக வந்தவர். வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பின் புருசனும் செத்துப்போக, இந்தக் கடையைத் திறந்திருந்தார். அவர் பெருவிரலை நாக்கில் ஒற்றி ஈரமாக்கித்தான் தாள் புரட்டுவார். தவநாயகி அதை வேலை கேட்ட அன்றே கண்டாள். கண்ணை மூடிக்கொண்டு, "திங்கக்கிழமை வாறன்" என்று சொன்னாள்.

புத்தகத்தை யாரும் தின்னமாட்டார்கள் என்று நினைத்தது எவ்வளவு பெரிய பிழை என்பது அந்த வாரமே தெரிந்தது. கட்டட வேலைக்காரர் சிமெந்துக் கையோடு வந்து நின்றபடியே வாசித்தார்கள். அவர்களும் விரலை நக்கினார்கள். பிள்ளைகள் மூக்கைத் தோண்டி ராட்சதர் படத்தில் பூசினார்கள். சமையல் புத்தகம் ஒன்றுக்குள், பக்கம் அடையாளம் வைப்பதற்காக, பொரித்த பன்றியிறைச்சியின் தோல் வாராக இருந்தது. அதை அவள் இரண்டு பென்சில்களால் தூக்கிக்கொண்டு போய் எறிந்தாள்.

ஆனால் வேலையில் அவளை ஒருவரும் குறை சொல்ல முடியாது. ஒவ்வொரு புத்தகத் தட்டையும் ஒழுங்காக்கினாள். புத்தகங்களின் முதுகெல்லாம் நூல் பிடித்ததுபோல் நின்றன. பிள்ளைகளின் புத்தகங்களுக்குத் தானே பிளாஸ்ரிக் உறை வெட்டிப் போட்டாள். தபால் கந்தோரில் முத்திரை நனைக்க வைக்கிற மாதிரியான ஒரு ஸ்பொஞ்ச் கிண்ணத்தை வாங்கி வந்து நோறாவின் மேசையில் வைத்தாள். நோறா அதில் சிகரெட் சாம்பலைத் தட்டினார். ஆட்கள் வராத பின்னேரங்களில், கையைக் கழுவித் துடைத்துவிட்டு, வரலாற்றுத் தட்டில் இருந்த பெரிய புத்தகம் ஒன்றை எடுத்து அகராதியோடு மெல்ல மெல்ல வாசித்தாள். அயர்லாந்தில் உருளைக்கிழங்கு அழுகிப்போய் ஊர் ஊராகச் சனம் செத்த பஞ்சத்தின் கதை. அதில் ஒரு படம், புல்லைத் தின்று வாயெல்லாம் பச்சையாகிக் கிடக்கும் ஒரு தாயும் பிள்ளையும். அந்தப் பக்கத்தை மட்டும் அவள் இரண்டு விரல் நுனியால் புரட்டுவாள், அருவருப்பால் அல்ல.

சில வருடங்களுக்குப் பிறகு, பிரச்சினை மோறீன் என்ற பெண்ணின் குழந்தையால் வந்தது. தள்ளுவண்டிக்குள் இருந்த அந்தக் குழந்தை ஒரு படப்புத்தகத்தின் மூலையைக் கடித்து, ஊறவைத்து, ஒரு துண்டை விழுங்கியும்விட்டது. தவநாயகி அதை மேசையில் வைத்து, "பிள்ளை வாய் வைச்சிட்டுது. இனி இது பிள்ளையின்ரை" என்றாள். மோறீன் முணுமுணுத்துக்கொண்டு வாங்கினாள். பிறகு நோறாவிடம் போய் முறையிட்டாள். தவநாயகியைப் பற்றி அப்படி முறைப்பாடு வந்தது அது முதல் தடவையும் அல்ல.

"இஞ்சை பார் பிள்ளை," என்றார் நோறா, "பலகையிலை என்ன எழுதியிருக்கு? கைக்குழந்தை. கைக்குழந்தை வாயாலைதான் வாசிக்கும்."

"அடுத்த பிள்ளை அதை வாங்கித் தன்ரை வாயிலை வைக்குமே."

"வைச்சாத்தான் கதை உள்ளுக்குப் போகும். இன்னொருத்தரை இப்பிடி மறிச்சு வாங்கப் பண்ணினியோ, நீ திரும்ப இஞ்சை வரத்தேவையில்லை. விளங்குதோ?"

விளங்கியது. ஹோட்டல் அடுப்படியில் எப்போதும் ஆள் தேவை என்பதும் அவளுக்குத் தெரியும். அன்றிலிருந்து வாயை மூடிக்கொண்டு துணியால் துடைத்தாள். துணியைத் தினமும் கொதிதண்ணீரில் போட்டாள்.

1992 ஏப்ரலில் லண்டனின் நடுவில், வங்கிகள் நிறைந்த சிற்றியில், அயர்லாந்து இயக்கக்காரர் வைத்த குண்டு வெடித்தது. அதே இரவு, கில்பேர்னிலிருந்து வடக்கே போகும் வீதியில் ஸ்டேபிள்ஸ் கோணரிலும் வெடித்தது. அடுத்த வாரம் முழுவதும் கடைக்கு வந்த ஐரிஷ்காரர் மெல்லிய குரலில் பேசினார்கள். வாங்கிய புத்தகத்தை ஆங்கிலப் பேப்பரில் சுற்றித் தரும்படி கேட்டார்கள். நோறா ஜன்னலில் இருந்த அயர்லாந்துக் கொடியை எடுத்து மேசை லாச்சிக்குள் வைத்தார். தவநாயகி கேட்டபடியே சுற்றிக் கொடுத்தாள். கொழும்பில் இருந்த நாள்களில் அவளும் பஸ்ஸில் தமிழ்ப் பேப்பரை மடித்து மறைத்தவள்தான்.

அந்தச் சனிக்கிழமை நோறா வழக்கம்போல் பிள்ளைகளைக் கம்பளத்தில் இருத்திவைத்துக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு ராட்சதன் சப்பாத்தைத் தொலைத்துவிட்டுக் கடலுக்குள் தேடுகிற கதை. மோறீனும் குழந்தையோடு வந்திருந்தாள். தவநாயகி பின்பக்கம் ஏணியில் நின்று தட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு கனவான் உள்ளே வந்தார். நல்ல மழைக்கோட்டு, மினுக்கிய சப்பாத்து, கையில் குடை. நேரே வரலாற்றுத் தட்டுக்குப் போனார். பஞ்சத்தின் புத்தகத்தை எடுத்து, அவசரப்படாமல் நடுவில் விரித்தார். தொண்டையின் அடியிலிருந்து காறினார். துப்பினார். புத்தகத்தை மூடி, இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்து, நன்றாகப் பரவும்படி அழுத்தினார். எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டு, கையுறையை மாட்டிக்கொண்டு திரும்பினார்.

தவநாயகி துணியை ஏணியிலேயே விட்டாள். ஏணியால் இறங்கி, அட்டையின் ஓரத்தைப் பிடித்துப் புத்தகத்தை இழுத்தாள். பக்கங்கள் ஒட்டிக்கொண்டு வர மறுத்தன. விரிந்தபோது, சளி மஞ்சளாக நூல்விட்டு இழுபட்டது. அது படத்தில் புல் தின்று கிடந்த அந்தத் தாயின் முகத்தில் இருந்தது.

நோறா கதையை நிறுத்திவிட்டு எழும்பி வந்தார். பார்த்தார்.

"விடு, பிள்ளை. துணியை எடு. துடைச்சிட்டு வை. போகட்டும்."

துடைப்பதா? துடைத்து வைத்தால் காய்ந்துவிடும். யாரோ ஒரு பாவி அதை வாங்கிக்கொண்டு போய், விரலை நாக்கில் வைத்து வைத்து அந்தப் பக்கத்தைப் புரட்டுவான். காறித் துப்பியவனிலும் பார்க்க அந்தத் துணியை நினைக்கத்தான் அவளுக்குக் கூடுதலாகக் குமட்டியது. விரித்த புத்தகத்தை ஏந்தியபடி போய்க் கதவை மறித்துக்கொண்டு நின்றாள்.

"சேர், உங்கடை புத்தகம்."

"அது என்னுடையதில்லை."

"நீங்கள் வாய் வைச்சிட்டியள். இனி உங்கடைதான். மேசையிலை காசைக் குடுத்திட்டுக் கொண்டுபோங்கோ."

"நாயகி!" என்றார் நோறா. "நான் என்ன சொன்னனான்?"

"கேட்டது, நோறா. திங்கக்கிழமை நான் வரேல்லை. இப்ப இவர் வாங்கட்டும்."

கனவானின் கழுத்துச் சிவந்தது. "நீ ஐரிஷ்காரியும் இல்லை. எந்த நாட்டிலிருந்து வந்தாய் நீ?"

"அதைப் பிறகு கதைப்பம். முதல் புத்தகம்."

அவள் புத்தகத்தை அவர் மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனாள். அவர் பின்வாங்கினார். தன்னுடைய எச்சிலுக்கே அருவருத்து முகத்தைச் சுளித்தார். கம்பளத்தில் இருந்த பிள்ளைகள் எட்டிப் பார்த்துவிட்டு "ஈஈஈ!" என்று கூவினார்கள்.

அப்போது மோறீன் தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு வந்து தவநாயகிக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். வழி இன்னும் அடைபட்டது.

"என்ரை பிள்ளைக்கு அப்ப மூண்டு பல்லு. அதுக்கே இவள் என்னட்டைக் காசு வாங்கினவள். உமக்கு வாய் நிறையப் பல்லு இருக்கு. குடும்."

ஒருவர் சிரித்தார். பிறகு கடையே சிரித்தது. அந்தச் சிரிப்புத்தான் கனவானைக் கலைத்தது. பொக்கெற்றுக்குள் கை விட்டு ஒரு நோட்டை எடுத்துத் தரையில் எறிந்தார். தள்ளுவண்டியை இடித்துக்கொண்டு வெளியே போனார்.

"சேர், புத்தகம்!" என்று அவள் வாசல்வரை போய்க் கூப்பிட்டாள். அவர் திரும்பவில்லை.

ராட்சதனின் சப்பாத்துக் கிடைக்கும்வரை நோறா கதையைச் சொல்லி முடித்தார். எல்லாரும் போனபின் தவநாயகி கோட்டைப் போட்டுக்கொண்டு பையை எடுத்தாள். மூக்குக்குள் ஹோட்டல் அடுப்படியின் புளித்த மணம் இப்போதே வந்துவிட்டது.

"நான் இஞ்சை வந்து முப்பது வருசத்துக்கு மேலை," என்றார் நோறா, மேசையைப் பார்த்துக்கொண்டு. "ஆசுப்பத்திரியிலை, பஸ்ஸிலை, அறை வாடகைக்குக் கேட்ட இடத்திலை. எல்லா இடமும் இவங்கள் துப்பினதைத் துடைச்சுத் துடைச்சுத்தான் வந்தனான். எவ்வளவு துணி!"

தவநாயகி பையைத் தோளில் மாட்டினாள்.

"திங்கக்கிழமை நேரத்துக்கு வா. ஆனா பிள்ளையளுக்கு அந்தச் சட்டம் இல்லை."

"பல்லு முழுக்க முளைச்ச ஆக்களுக்கு?"

"அவைக்கு ஓம்."

நோறா எழும்பி வந்து அவளைக் கட்டிப்பிடித்தார். கண்ணீர், மூக்குநீர், சிகரெட் மணம் எல்லாவற்றோடும் கன்னத்தில் ஈரமாக ஒரு முத்தம் வைத்தார். தவநாயகி மரக்கட்டையாக நின்று பொறுத்துக்கொண்டாள். வீதி திரும்பும்வரை அதைத் துடைக்கவில்லை. கிங்ஸ்பரிக்கு வந்து சவர்க்காரம் போட்டுக் கழுவினாள். பிறகு இன்னொருமுறையும் கழுவினாள்.

கனவானின் புத்தகத்தைப் பிறவுன் கடதாசியில் சுற்றி, அவர் எறிந்த நோட்டின் மிச்சக் காசையும் ஒரு உறையில் போட்டு அதோடு கட்டி, கடையின் பின்னறையில் தனியாக வைத்தாள். அதைத் திரும்பத் தட்டில் வைக்க ஏலாது, எச்சில். குப்பைக்குள் போடவும் ஏலாது, புத்தகம். 1997இல் நோறா சுகவீனமாகிக் கடையை மூடியபோது நல்ல புத்தகங்கள் பள்ளிக்கூடங்களுக்கும் தேவாலயத்துக்கும் போயின. அந்தப் பொதியை மட்டும் அவள் பிளாஸ்ரிக் பைக்குள் போட்டுக் கிங்ஸ்பரிக்குக் கொண்டுவந்தாள். சாமிப்படம் இருக்கிற வீட்டுக்குள் விடவில்லை. தோட்டத்துக் கொட்டிலில், பெயின்ற் டின்களுக்கு மேலே வைத்தாள்.

புல்லு வெட்டும் மெஷினை எடுக்கப் போகும்போதெல்லாம் பாலேந்திரா அதைக் காண்பார்.

"இதை இன்னும் எறியேல்லையே, நாயகி?"

"என்னெண்டு எறியிறது? அது அந்த மனுசன்ரை."

"அவன் இனி வரப்போறானே?"

"வந்தால் எடுத்துக் குடுங்கோ, அண்ணை," என்றாள் அவள். "நான் கையாலை தொடமாட்டன். குறடு அந்தப் பக்கம் கொழுவியிருக்கு."