உள்ளங்கைச் சீனி

கந்தப்பளையில் என் டீக்கடைக்கு வந்த வெள்ளைக்காரப் பெண் பொட்டலத்திலிருந்து ஈரத்தாளை உருவிக் கை துடைத்தார். எலுமிச்சை வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு எட்டு வயதாகிவிட்டது.

அப்போது மஸ்கெலியாவில் இருந்தோம். மிஷன் பாதிரியாரைப் பார்க்க வெளிநாட்டிலிருந்து வந்திருந்த ஒரு விருந்தாளியை, பாதிரியாரின் மனைவி நாங்கள் குடியிருந்த தேயிலைத் தோட்டத்து லயத்துக்குக் கூட்டி வந்தார். அம்மா பக்கத்துக் காம்பரா வீட்டில் சீனி இரவல் வாங்கிப் பாலில்லாத சாயத்தண்ணி ஊற்றினாள். எங்கள் பக்கம் சீனியைக் கலக்குவதில்லை. உள்ளங்கையில் வைத்து நக்கிக்கொண்டே குடிப்போம். அம்மா விருந்தாளியின் கையைப் பிடித்துச் சீனியை வைத்தாள்.

அவர் பதறிப்போய் அதை வாசல் சாக்கடைக் கானில் உதறினார். இதே வாசனைத் தாளால் விரல் விரலாகத் துடைத்தார்.

“அவங்களுக்குப் பழக்கமில்ல, தப்பா நெனைக்காதீங்க” என்றார் பாதிரியாரின் மனைவி. அம்மா சிரித்த முகமாகத்தான் வழியனுப்பினாள். பிறகு கொழுந்து பறித்துக் கறை ஏறிய விரல்களை விரித்து என்னிடம் கேட்டாள்: “ஏம்புள்ள, என் கை அம்புட்டு அசிங்கமாவா இருக்கு?”

கடைக்கு வந்திருக்கும் இவர் அவரில்லை என்று எனக்குத் தெரியும். இருக்கட்டும்.

டீயை வைத்ததும் ஸ்பூன் கேட்டார். என் முதுகுக்குப் பின்னால் ஸ்பூன்கள் கொத்தாகத் தொங்கின. இல்லை என்றேன். ஈரத்தாள் பொட்டலத்தை மேசையிலிருந்து எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். டப்பாவில் கையை விட்டுச் சீனியை அள்ளி அவர் உள்ளங்கையில் வைத்தேன். இங்கே இப்படித்தான் குடிப்போம் என்று இங்கிலீஷில் சொன்னேன்.

தயங்கினார். நான் சிரிக்கவில்லை. கடைசியில் நாக்கை நீட்டினார்.

கை சுத்தமாகும்வரை நான் நகரவே இல்லை.